ரேடியேஷனுக்கு முன் எடுக்காத இரத்தம்

என் மனைவிக்கு மலக்குடலின் அடியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தோம். சண்டைக் காலம். அவள் டொக்டரிடம் கேட்டது ஒன்றைத்தான்.

"வயித்தில பை வைப்பீங்களோ டொக்டர்? மலப்பையோட நான் கோயிலுக்குள்ள போகமாட்டன்."

"அவசரப்படாதேங்கோ அம்மா. முதல்ல ரேடியேஷன் குடுப்பம். கட்டி நல்லாச் சுருங்கினா பின்வழியைக் காப்பாத்தலாம்" என்றவர், என்னிடம் ஒரு துண்டு எழுதித் தந்தார். "வெளியில லாப்பில இரத்தத்தில இந்தப் புற்றுநோய் அளவைப் பாருங்கோ. தொடங்க முதல் ஒருக்கா, முடிய ஒருக்கா. கூடிக் கிடந்தது இறங்கினா, கட்டி கேக்குதெண்டு ஒரு குறிப்பு."

மறுநாள் காலை விளக்கேற்றிக் கும்பிட்டு, திருநீறு பூசிப் புறப்பட்டோம். ஒழுங்கை முகப்பில் ஆமியின் சுற்றிவளைப்பு. என் அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசம். ஜீப்பில் ஏற்றினார்கள். டொக்டரின் துண்டு என் சட்டைப் பையில். எடுத்துக் காட்டினேன்; "பஸ்ஸே, பஸ்ஸே" என்றான் ஒருவன் சிங்களத்தில். பிறகு பார்க்கலாமாம்.

சில கிழமை கழித்து என்னை விட்டபோது அவளுக்கு ரேடியேஷன் பாதி முடிந்திருந்தது. முறை தவறினால் பிறகு எப்போது கிடைக்குமோ என்று, பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்த் தொடங்கியிருக்கிறாள். என்னைத் தேடி அலைந்த அலைச்சலில் இரத்தம் யாருக்கு நினைவு?

எல்லாம் முடிந்தபின் எடுத்த இரத்தம் நல்லதாகவே இருந்தது. டொக்டர் தாளை மேசையில் வைத்தார்.

"எதில இருந்து இறங்கினதெண்டு தெரியேல்லையே ஐயா. சில பேருக்குத் தொடக்கத்திலயே கூடுறேல்லை. ஸ்கானிலயும் தழும்போ கட்டியோ எண்டு சொல்லேலாமக் கிடக்கு. வெட்டாமத் துணிஞ்சு விடப் பயமாக் கிடக்கு."

வெட்டினார்கள். பை வைத்தார்கள். வெட்டிய சதையில் நோய் இருந்த தடம் மட்டும்தான், நோய் இல்லை என்று பிறகு அறிக்கை வந்தது.

"அப்ப சும்மாவோ வெட்டினனீங்கள்?" என்று கேட்டாள் அவள்.

"அந்த இரத்தம் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பனோ, எனக்கே தெரியாதம்மா."

தெரியாதாம். அந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தோம்.

மாதக்கணக்காக அவள் வாசற்படி தாண்டவில்லை. கந்தசஷ்டிக்கு நான் அவளை வீட்டில் இருக்க விடவில்லை. "முருகன் பையே பாக்கிறவர்? வெளிக்கிடும்" என்றேன். "உங்கட முருகனுக்கு மூக்கு இல்லைப்போல" என்று முணுமுணுத்தாலும், முழுகி, புதுப் பை மாற்றி, பட்டுச் சேலை உடுத்தி வந்தாள்.

கோயில் தெருவில் சோதனை. பெண் பொலிஸ் ஒருத்தி அவளுடைய இடுப்பைத் தடவினாள். கை நின்றது. கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். இடுப்பில் குண்டு என்று நினைத்துவிட்டாள். துப்பாக்கிகள் திரும்பின. கும்பிட வந்த சனம் மதிலோடு ஒதுங்கியது.

என் மனைவி நடுத்தெருவில் சேலையை விலக்கிக் காட்டினாள்.

அந்தப் பொலிஸ்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினாள்.

"நீங்கள் போய்க் கும்பிட்டிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் கோயிலுக்குப் போகவில்லை. அவளுக்குப் பின்னால் நடந்தேன்.