காடு எங்கே முடிகிறது?

போன வாரம் என் தம்பியின் கல்யாணத்துக்குச் சேற்றுக் காலோடு போய் நின்றேன்.

பட்டுப் புடவை. கைப்பையில் கருகமணி. புடவைக் கரையெல்லாம் சேறு. மாப்பிள்ளையின் ஒரே அக்கா நான். நிக்காஹ் முடிந்ததும் மணப்பெண் கழுத்தில் கருகமணி கட்ட வேண்டியவளும் நான்தான். அந்த நான்தான் கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

காரணம்? ஒரு வீடியோ கேம்.

சிரிக்காதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் சாதிக்கைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு ஓர் அறிமுகம் – கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து, மட்டாஞ்சேரியிலேயே வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். வேலை, இடப்பள்ளியில் இருக்கும் ஒரு கேம் கம்பெனியில். ராஜாக்கள், மந்திரவாதிகள், டிராகன்கள் உலவும் பெரிய மாய நாடு ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விளையாடுபவர் அதில் எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். காட்டுக்குள் நுழையலாம், மலை ஏறலாம், சும்மா ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கலாம்.

இவர் டிராகன் செய்வதில்லை. டிராகனுக்கு வேறு ஆள். அது மிதிக்கிற தரை இருக்கிறதே, அதுதான் இவர் வேலை. புல், பாறை, மரம், மணல், ஓடை. எங்கள் வீட்டில் அரிசி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மனிதருக்கு, இல்லாத நாட்டில் எந்தச் சரிவில் என்ன செடி முளைக்கும் என்று தெரியும்!

இந்த மழைக்காலம் முழுக்க அவர் ஒரு பாலைவனம் செய்துகொண்டிருந்தார். வெளியே மட்டாஞ்சேரி ஊறிக்கொண்டிருந்தது. சுவரில் பாசி, பீரோவில் பூஞ்சை, துவைத்த துணி காய மறுத்தது. உள்ளே கம்ப்யூட்டரில் மட்டும் வெயில் கொளுத்தியது.

பாலைவனம் நன்றாகத்தான் வந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இவரே செய்த காடும் அழகு. தகராறு எங்கே வந்தது தெரியுமா? இரண்டும் சேருகிற இடத்தில்.

இவருடைய டீம் லீடர் தீபா, திருப்பூணித்துறைக்காரர். நல்ல பெண்மணி. முகத்துக்கு நேராகப் பேசுபவர். ஒருநாள் வீடியோ காலில் அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன் – "சாதிக், காடு நல்லாருக்கு. பாலைவனமும் நல்லாருக்கு. ஆனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறது டி.வி.யில சேனல் மாத்தின மாதிரி இருக்கு. டெஸ்ட் பண்ண வந்த பிள்ளைங்க எல்லாம் கரெக்டா அந்த இடத்துல கன்ட்ரோலரைக் கீழே வெச்சிட்டு போனை எடுத்துடறாங்க."

அதுவரை அதை நிஜம் என்று நம்பிக்கொண்டு நடந்தவர்கள், அந்த இடத்தில் நம்புவதை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

புதன்கிழமைக்குள் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பாலைவனத்தையே எடுத்துவிட்டு, காட்டின் ஓரத்தில் ஏற முடியாத மலைச்சுவர் ஒன்றை வைத்து மூடிவிடுவார்கள். மாதக்கணக்கில் செய்த வேலை... ஒரு சுவருக்குப் பின்னால் காணாமல் போய்விடும்.

அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. உட்காருவார், எழுவார். மாடிக்குப் போவார், மழையைத் திட்டுவார், இறங்கி வருவார். சாயா கேட்பார், போட்டு வைத்தால் ஆறிப்போகும். காட்டையும் மணலையும் நடுவில் கலந்து பார்த்தார். தேய்ந்துபோன கார்ப்பெட் மாதிரி இருந்தது. பாறைகளைக் கொட்டிப் பார்த்தார். லாரிக்காரன் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

இதற்கு நடுவில் கடையநல்லூரிலிருந்து என் அம்மாவின் போன். "ஏளா, தம்பி கல்யாணத்துக்கு விருந்தாளி மாதிரியா வருவே? ஒரு வாரம் முன்னாடி வர வேண்டாமா?"

வர வேண்டும்தான். ஆனால் நான் முன்னால் போய்விட்டால் இந்த மனிதர் கல்யாணத்துக்கே வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். போதாக்குறைக்குக் கருகமணி வேறு என் பொறுப்பு. கொச்சி டிசைன்தான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்து, இங்கே செய்யச் சொல்லியிருந்தார். ஆக, ஞாயிற்றுக்கிழமை விடியலில் காரில் கிளம்பினோம். நான், அவர், என் கைப்பையில் கருகமணி.

புனலூர் வரை மழை. தென்மலையில் இன்னும் மழை. தேக்கு மரங்களுக்கு நடுவில் வைப்பர் அடித்துக்கொண்டே போனோம்.   எங்கள் இருவர் மனதிலும் கல்யாணம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாவம் நான்.

ஆரியங்காவு கணவாயைத் தாண்டினோம். கொட்டிக்கொண்டிருந்த மழை சாரலானது. புளியறை வளைவுகளில் இறங்கும்போது சாரலும் நின்று, காற்று மட்டும் மிச்சம் இருந்தது. கீழே வயல், தென்னை, குளம். அதற்கும் அப்பால், கண்ணுக்கு எட்டும் தூரத்தில், வெளிறிய பழுப்பு நிறத்தில் சமவெளி. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

இந்த வழியில் நான் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். அவரும்தான். அன்றைக்குத்தான் அவர் பார்த்தார்.

கார் நின்றது.

"மச்சான், நிறுத்தாதீங்க."

"ஒரு மினிட்டு நூரு. ஒரே ஒரு மினிட்டு."

இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். பிறகு திரும்பி என்னிடம் கேட்டார் – "கோடு எங்கே?"

"எந்தக் கோடு?"

"காடு முடியற கோடு. அங்கே மழைக்காடு. அதோ வறண்ட நிலம். நடுவிலே கோடு எங்கே?"

நான் போனில் மணியைப் பார்த்தேன். நிக்காஹ் மதிய லுஹர் தொழுகைக்கு முன்னால் என்றேன்.

காரில் ஏறினார். அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஓட்டுகிற வேகமே மாறிவிட்டது. மாட்டு வண்டி மாதிரி போகிறார். ரோட்டைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்க்கிறார். செங்கோட்டையில் நிறுத்தினார். மரத்தில் மலையைப் பார்த்த பக்கம் மட்டும் பாசி படிந்திருக்கிறதாம். அதைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் மறுபடி நிறுத்தினார். மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவாம்.

என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா. தம்பி. மறுபடி அம்மா. "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று பொய் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

பிறகு அவர் செய்ததுதான் உச்சம். கடையநல்லூருக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகக் கிழக்கே போனார்!

"எங்கே போறீங்க?"

"இந்தப் பச்சை காயற இடம் வரைக்கும். பக்கத்திலதான்."

புளிய மரம் போய்ப் பனை வந்தது. பனைக்கு நடுவே முள் நிறைந்த உடைமரம் வந்தது. மண் சிவந்தது. ஒரு சின்னப் பாலத்தருகே காரை நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கி மறைந்துவிட்டார்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. ஹாரன் அடித்தேன். பதில் இல்லை. வேறு வழி? புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன். கீழே ஓடை. முதல் அடியிலேயே கால் புதைந்தது. பிடித்திருந்த புடவை கை நழுவியது.

அவர் ஓடைக்கு நடுவில் மண்டியிட்டிருந்தார்.

"என் தம்பிக்கு இன்னிக்குத்தான் கல்யாணம்!" கத்தினேன். "இந்த ஓடை நாளைக்கும் இங்கேதான் இருக்கும்!"

"ஓடை இருக்கும் நூரு. என் பாலைவனம் இருக்காது."

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. அழுதுவிடுவாரோ என்று தோன்றியது. 

"இங்கே பாரு" என்றார். பார்த்தேன். மேலே கரையில் முள்ளும் சிவப்பு மண்ணும். அந்தக் காய்ந்த நிலத்துக்கு நடுவே ஓடையின் இரண்டு பக்கமும் மட்டும் கறுப்பு மண், அடர்ந்த நிழல், பெரிய பெரிய மருத மரங்கள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பச்சை, வளைந்து வளைந்து, விடாமல் மலை வரைக்கும் போகிறது.

"காடு எங்கேயும் முடியல நூரு. தண்ணியைப் பிடிச்சிட்டு இறங்கி இறங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கு. வறட்சி அதுமாதிரி மேட்டைப் பிடிச்சிட்டு அங்கே ஏறிப் போயிருக்கு. விரலும் விரலும் கோத்த மாதிரி. நான் கோடு போட்டு வெச்சிருந்தேன்."

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? படிச்சிருப்பீங்களே?"

"படிச்சிருக்கேன். ஆனா செஞ்சது போட்டோவைப் பார்த்து. காட்டைப் போட்டோ எடுக்கறான், பாலைவனத்தைப் போட்டோ எடுக்கறான். நடுவில இருக்கறதை எவன் எடுக்கறான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கிற நேரமா அது?

போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து, ஆண்கள் பந்தியில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் அம்மா. என் புடவையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற மருமகனைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க மாப்ளே... ரோடு ரொம்ப மோசமோ?" அதே மூச்சில் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எம்புட்டு நேரமா அந்தப் புள்ள வெறுங்கழுத்தோட ஒக்காந்திருக்கு! உனக்கு வெக்கமா இல்ல?"

தப்பு மருமகனுடையதாக இருந்தாலும் திட்டு மகளுக்குத்தான். இதில் மட்டும் மட்டாஞ்சேரிக்கும் கடையநல்லூருக்கும் வித்தியாசமே கிடையாது.

மணப்பெண் அஃப்ரின் அறைக்குள் இருந்தாள். என் பின்னாலேயே பெண் வீட்டுப் பெண்களும் உள்ளே வந்து சுற்றி நின்றார்கள். ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கருகமணியை எடுத்தேன்.  கொக்கி மாட்டவில்லை. குனிந்து அவள் காதருகே, "மன்னிச்சிக்கோம்மா" என்றேன்.

அவள் யாருக்கும் கேட்காமல் சொன்னாள் – "விடுங்க மைனி. காலைல இருந்து ஆளாளுக்கு இழுத்துக்கிட்டே இருந்தாங்க. கருகமணி வரலன்னதும் என்ன செய்யன்னு யாருக்கும் தெரியல. என்னை ஒக்கார வெச்சிட்டு வெளிய போயிட்டாங்க. ஜன்னல் வழியா ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்த வீட்டுப் புள்ளையாவும் இல்லாம, இந்த வீட்டு மருமவளாவும் இல்லாம... நல்லாத்தான் இருந்துச்சு."

கொக்கி மாட்டியது. எனக்குத்தான் கண் கலங்கியது.

தம்பி இஸ்மாயில் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. அன்று மாலை வரை மச்சானோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சாதிக் அவனிடம் போய், சுற்றி வளைக்காமல், "தப்பு என்னுதுதான். ஓடையைப் பார்க்க இறங்கினது நான். நூரு நிறுத்தாதேன்னுதான் சொன்னா" என்றார்.  "அந்த ஓடை உங்க கேம்ல வருமா மச்சான்?" என்றான் அவன்.

"வரும்."

"அப்ப அதுல ஒரு முதலையை விடுங்க. இன்னிக்கு நான் இருந்த கோவத்துக்கு அதுதான் பொருத்தம்."

திங்கட்கிழமை மட்டாஞ்சேரி திரும்பினோம். சாதிக் கம்ப்யூட்டரில் காட்டுக்கும் பாலைவனத்துக்கும் நடுவில் நட்டிருந்த புல், மரம், பாறை எல்லாவற்றையும் அழித்தார். வெறும் நிலம். முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்தார். மலையின் எந்த முகத்தில் மழை விழும் என்று பார்த்தார். அதன்பிறகு மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீரை இறக்கினார். ஓடைகள் பிரிந்து பிரிந்து மணலைத் தேடிப் போயின. அந்த ஓடைகளின் ஓரமாக மட்டும் மரங்களை நட்டுக்கொண்டே போனார். இரண்டு நாளும் சாயா ஆறவில்லை. குடித்தார்!

புதன்கிழமை தீபா வந்தார், வீடியோ காலில்தான். திரையில் அவருடைய வீராங்கனை காட்டுக்குள் நடக்க ஆரம்பித்தாள். ஓடை ஓரமாகவே போனாள்.  இவர் நாற்காலியில் உட்காரவில்லை. நான் சமையலறை வாசலில், ஏதோ எனக்கே பரீட்சை என்பதுபோல நின்றுகொண்டிருந்தேன்.

வீராங்கனை நடந்துகொண்டே இருந்தாள். நிழல் குறைந்தது. ஓடை மெலிந்தது. கடைசி மரமும் போனது. அப்போது அவள் நின்றாள். மெல்லத் திரும்பி வந்த வழியைப் பார்த்தாள்.

"சாதிக்," தீபாவின் குரல் கேட்டது, "நான் எப்போ பாலைவனத்துக்கு வந்தேன்?"

இவர் உட்கார்ந்தார்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். மரம் அதிகம், கம்ப்யூட்டர் திணறும், பாதி ஓடைகளை எடுத்துவிடு என்றார்கள். இவருக்கு வருத்தம்தான். ஆனால் சுவர் வரவில்லை. பாலைவனம் பிழைத்தது.

நான் யோசித்துப் பார்த்தேன். நாம் எல்லோரும் அந்த டெஸ்ட் பண்ண வந்த பிள்ளைகள்தானே? ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடம். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலை. நடுவில் கொஞ்சம் தூரம் வந்தால் பொறுக்கவில்லை, போனை எடுத்துவிடுகிறோம். புளியறை வளைவில் நான் பார்த்தது என் போனைத்தான். அஃப்ரின் ஒருத்திதான் அன்றைக்கு நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். அதுவும் எங்கள் புண்ணியத்தில்!

இதைச் சாதிக்கிடம் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்தது பனிமலையாம். பனி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நேரில் பார்த்தே ஆக வேண்டுமாம்.

அடுத்த மாதம் என் சித்தி மகளுக்குக் கல்யாணம். நான் பஸ்ஸில் போகிறேன்.