தேங்காய் நின்ற இடம்

எட்டு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. வேடசந்தூர்ப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையை அதுவரை மூளிக்காதோடு விட்டுவைப்பது லேசான காரியமில்லை. என் வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் கம்மல் போட்டிருந்தார்கள். காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமனோடு அப்பாவுக்கு ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது.

மாமா நீரோட்டம் பார்ப்பவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார்; அடியில் தண்ணீர் இருக்கும் இடம் வந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். ஊரெல்லாம் அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தது. எங்கள் தோட்டத்தில் மட்டும் எண்ணூறு அடி போர் போட்டும் புழுதிதான் வந்தது. அன்றைக்கே அப்பா, "இவன் மடியில எம்புள்ள உக்காராது" என்று சொல்லிவிட்டார். தண்ணீர் வராததற்கு என் கம்மல் என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா சும்மா இருப்பாளா? ராமேஸ்வரத்துக்கு வேண்டுதல் என்று வேன் பேசினாள். அப்பாவிடம் மாமா வரவில்லை என்றாள்; மாமாவிடம் அப்பா வரவில்லை என்றாள். வழியில் நாகல் நகரில் மாமா ஏறியதும் அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு இருவருக்கும் நடுவில் தபால்காரி நான்தான்.

சாமி கும்பிட்டுவிட்டு தனுஷ்கோடி பார்க்கப் போனோம். அப்போது கடைசிவரை தார் ரோடு கிடையாது. பாதி வழியில் வேனை நிறுத்திவிட்டு, மணலில் ஓடும் பழைய வண்டிக்கு மாற வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே கிளம்பினாலும் முதலில் ஏற்றுவது தண்ணீர்க் குடத்தைத்தான். "குடத்தை எடுத்துட்டு வரச் சொல்லு உங்க மாமன்கிட்ட" என்றார் அப்பா. நான் தலையாட்டினேன். அதற்குள் மணலில் ஒரு சங்கு கண்ணில் பட்டுவிட்டது.

இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஆளில்லாத மணல். கூரை போன ஒரு சர்ச், இடிந்த சுவர்கள். ஒரே ராத்திரிப் புயலில் போன ஊர் என்றும், ரயிலையே கடல் விழுங்கிவிட்டது என்றும், காற்று பலமாக அடித்தால் இன்னும் அதன் ஊதல் கேட்கும் என்றும் வண்டிக்காரர் சொன்னார். எனக்கு நிஜமாகவே கேட்டது. பயமாகவும் இருந்தது, சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. வண்டிக்காரர் எங்களை இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டார்.

வெயில் ஏறியதும் அம்மா தண்ணீர் கேட்டாள். குடம் வேனிலேயே இருந்தது.

"ஒரு குடத்தைத் தூக்கிட்டு வரத் துப்பில்ல. இவன் ஊருக்குத் தண்ணி பாக்குறானாம்" என்று அப்பா கடலைப் பார்த்துச் சொன்னார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சங்கைப் பார்த்தேன். "மறந்துட்டேன்க்கா" என்று அம்மாவிடம் சொன்னார். நான் சொன்னால்தானே மறப்பதற்கு. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சர்ச்சுக்குப் பின்னால் போய்விட்டார். இந்த ஜென்மத்தில் இனிக் கம்மல் இல்லை என்று நான் அழ ஆரம்பித்தேன்.

அம்மாவின் பையில் கோவிலில் உடைத்தது போக ஒரு தேங்காய் மீதியிருந்தது. மாமா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தார். கடற்கரையில் நின்று தண்ணீர் தேடிய மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பா வேகமாகத் திரும்பி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மாமாவைக் கண்டதும் பேசாமல் நின்றுவிட்டார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது.

"இங்கன தோண்டு தாயி" என்றார்.

நானும் மாமாவும் கையாலேயே தோண்டினோம். முழங்கை ஆழத்தில் மணல் நனைந்தது, பிறகு ஊறியது. கலங்கல் தெளிந்ததும் அம்மா ஒரு வாய் குடித்து, "உப்பே இல்லடா தம்பி" என்றாள். அப்பா மண்டியிட்டு மூன்று கை அள்ளிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மாமாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நல்ல தண்ணிதான் மாப்ள. அடுத்த மாசம் காதுகுத்து வச்சிருவோம்."

"சரி மச்சான்" என்ற மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் வழியில் அப்பா நான்கு தடவை வேனை நிறுத்தச் சொல்லி, கருவேல மரங்களுக்குப் பின்னால் போய்வந்தார். கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் அம்மா. காது குத்தும்போது மாமாவின் கையை நன்றாகக் கடித்துவைத்தேன்.

போன வருடம் தோழிகளோடு மறுபடி தனுஷ்கோடி போனேன். இப்போது கடைசி முனை வரைக்கும் ரோடு. பாசிமாலை விற்கும் அக்கா ஒருவர் கொட்டாங்குச்சியால் மணலைத் தோண்டித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். "இங்க எங்க தோண்டுனாலும் நல்ல தண்ணிதான்" என்றார். மாமாவின் வண்டவாளம் பிடிபட்டது என்று அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

அப்பா சிரித்தார். "அவன் ஏமாத்தல தாயி, நெசமாத்தான் நம்புறான். நான்தான் சர்ச்சுக்குப் பின்னாடி ஒரு குடிசையில ரெண்டு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சேன். எங்க வேணாலும் தோண்டுங்கன்னு அந்தம்மா சொல்லுச்சு. அதைச் சொல்லத்தான் ஓடியாந்தேன். பாத்தா, அவன் தேங்காயோட நடக்குறான், நீ அழுதுக்கிட்டு நிக்கிற."

"அப்புறம் எதுக்குப்பா மூணு கை குடிச்சீங்க?"

"வேற எப்படி அவன்கிட்டப் பேச்சைத் தொடங்குறது? வயித்துல இடமே இல்ல. நாலு தடவ வண்டிய நிறுத்துனது மறந்துபோச்சா?" என்றவர், "மாமன்கிட்டச் சொல்லிராத" என்று போனை வைத்துவிட்டார்.

நான் சொல்லவில்லை. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் எடுத்த கதையை மாமா மறுபடியும் ஆரம்பித்தார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அப்பா, "முழங்கை ஆழந்தேன், நான் கண்ணால பாத்தேன்" என்று சாட்சி சொன்னார்.