கிளிக்குத் தள்ளி விழும் கல்

விக்கிரமங்கலத்துக் காத்தாயிக்கு யுத்த காலத்தில் குத்தகைச் சோளக்கொல்லை ஒன்றுதான் பிழைப்பு. கதிர் முற்றிவிட்டால் பகலெல்லாம் பரண் மேல் நின்று, கவணில் கல் வைத்துச் சுற்றிக் கிளி விரட்டுவாள்.

ஒருநாள் குதிரையில் ஓர் இளவரசன் வந்து பரணடியில் நின்றான். கதிரைக் கொறித்துக்கொண்டிருந்த ஒரு கிளியைக் காட்டினான். ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் அரக்கனின் உயிர் அதற்குள் இருக்கிறதாம்.

“அதை அடித்துக் கொல். உன்னை ராணியாக்குகிறேன்.”

கிளி விரட்டுகிறவளுக்குக் கிளியென்றாலே ஆகாது என்று அவனுக்கு நினைப்பு. காத்தாயிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அரக்கன் என்னங்க பண்ணினான்?”

“ஊரையே தின்கிறவன் அவன்.”

“இந்த ஊருப் பக்கம் அவன் வந்ததே இல்லீங்க. சண்டைக்குன்னு சொல்லி, களத்துல கெடந்த சோளத்தப் பூரா வாரிக்கிட்டுப் போனது ஒங்க ஆளுங்கதான். கிளி தின்னது போவ எங்களுக்கு மிஞ்சும். நீங்க வந்துட்டுப் போனப்ப எம் புள்ளைங்க புளியங்கொட்டைய அவிச்சுத் தின்னுச்சுங்க.”

இளவரசன் வாளில் கை வைத்தான். “யாரிடம் பேசுகிறாய் தெரியுமா?”

காத்தாயி கவணில் கல்லை வைத்தாள்.

“கிளிக்கு எறியிறப்ப வேணும்னேதான் தள்ளி எறிவேன், அதுவும் பொழச்சுப் போவட்டும்னு. ஒங்களுக்கு எறிஞ்சா குறி தப்பாதுங்க.”