அண்ணி கட்டிய அறைகள்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். பென்டிரைவை நீட்டி, ஒரே ஒரு பக்கம்தான், சட்டென்று போட்டுக் கொடுங்கள் என்று நாள் முழுக்க ஆட்கள் கேட்கிற கடையில் நின்று பார்த்தால் யாருக்கும் வரும். எங்கள் பிரிண்ட் கடையில் மிஷினும் பைண்டிங்கும் என் பொறுப்பு. கம்ப்யூட்டர் அண்ணியின் பொறுப்பு. அண்ணிக்குக் கோபமே வராது. என் கோபத்துக்கு அதுவே பாதிக் காரணம்.

போன வருஷம் எவனோ கொண்டுவந்த பென்டிரைவில் வைரஸ் இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் கடையிலிருந்த கோப்புகள் அத்தனையையும் பூட்டிப் போட்டுவிட்டது. பள்ளிக்கூடத்து வினாத்தாள், ஒரு கல்லூரிப் பெண்ணின் ஆய்வேடு, எதுவும் மிஞ்சவில்லை. அண்ணன் ஒவ்வொருவர் முன்னாலும் கைகட்டி நின்று திட்டு வாங்கினார். இன்னொரு தரம் வேலை கெட்டால் கடையை விற்றுவிட்டு எங்காவது சம்பளத்துக்குப் போய்விடுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். கடை போனால் அண்ணியின் கம்ப்யூட்டர் நாற்காலியும் போகும். கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் அவர் அடம்பிடித்து வாங்கிக்கொண்ட நாற்காலி அது.

அதன்பிறகு கூட்டமில்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் எதையோ நோண்டிக்கொண்டே இருந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டேன். இனிமேல் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பும் கம்ப்யூட்டருக்குள்ளேயே போட்ட ஒரு தனி அறையில்தான் திறக்குமாம். அறைக்குள் அந்தக் கோப்பின் நகல் மட்டும் இருக்கும். அதற்கு இன்டர்நெட் கிடையாது. நம் கோப்புகள் இருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பிரிண்டருக்குப் போக மட்டும் ஒரு சந்து. வாசலில் ஆபரேட்டிங் சிஸ்டமே காவல் நிற்கும். வேலை முடிந்ததும் அறையையே இடித்துவிடலாம்.

"ஜெயிலுன்னு சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"ஜெயில்ல தப்பு பண்ணவங்களத்தான் போடுவாங்க தம்பி. இங்க வர்ற எல்லாருக்கும் ரூம்தான்."

நல்ல கதைதான். ஆனால் முதல் நாளே மானம் கப்பலேறியது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் மனமிரங்கி ஆண்டு விழா நிகழ்ச்சி நிரலை எங்களிடமே கொடுத்திருந்தார்கள். அண்ணி புது அறையில் திறந்து, திரையைச் சரியாகப் பார்க்காமல் பிரிண்ட் கொடுத்தார். மிஷின் கக்கிய தாளை அண்ணன்தான் முதலில் எடுத்தார். எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. தலைமையாசிரியர் பெயரும் கட்டம்தான்.  அண்ணன் தாளை மேஜையில் வைத்துவிட்டு, கடையை விற்க நேராகத் தரகரைப் பார்க்கப் போய்விட்டார்.

அண்ணி ஒவ்வொரு பூட்டாகச் சோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் பூட்டுகிற வேகத்தில் கம்ப்யூட்டர் எழுத்துருக்களை வைத்திருக்கும் இடத்தையும் சேர்த்துப் பூட்டியிருந்தார். அறைக்குள் எழுத்தே இல்லாமல் எதைக் கொண்டு காட்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பூட்டும் வேண்டாம், புண்ணாக்கும் வேண்டாம், எல்லாவற்றையும் திறந்து விடுங்கள் என்று கத்தினேன். அவர் அசையவில்லை. எழுத்துரு இருக்கும் இடத்தை மட்டும் திறந்தார். அதையும் பார்க்கலாம், தொடக்கூடாது என்கிற அளவுக்குத்தான். எழுத்துகள் வந்துவிட்டன. நிகழ்ச்சி நிரலை மறுபடி அடித்து, நானே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குள் அண்ணன் கடைக்கு ஆள் பார்த்து முடித்திருந்தார். மறுவாரம் ஒருநாள் காலையில் ஒரு பென்டிரைவோடு வந்தார். விற்பனை ஒப்பந்தம் அதில் இருக்கிறது, தரகர் கொடுத்தார், பிரிண்ட் போடு என்றார். அண்ணியின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாங்கிப் புது அறை ஒன்றைத் திறந்தார். நம்முடையதுதானே, நேராகத் திறந்தால் என்ன என்று அண்ணன் எரிந்து விழுந்தார்.

"யாரோடதா இருந்தாலும் இப்படித்தாங்க" என்றார் அண்ணி.

கோப்பு திறந்தது. ஒரு கணம் ஒப்பந்தம் தெரிந்தது. அடுத்த கணம் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, பணம் கட்டு என்று போன வருஷம் பார்த்த அதே மிரட்டல். அண்ணன் தலையில் கைவைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். 

அண்ணி அந்த அறையை மூடினார். பிறகு எங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நிகழ்ச்சி நிரல், அந்தப் பெண் மறுபடி எழுதிக்கொண்டு வந்திருந்த ஆய்வேடு, எல்லாம் பத்திரமாக இருந்தன. வைரஸுக்கு உள்ளே தின்னக் கிடைத்தது விற்பனை ஒப்பந்தத்தின் நகல் மட்டும்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை.

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "ஒப்பந்தத்தோட ஒரிஜினல் பென்டிரைவ்லயே இருக்கு. இன்னொரு ரூம் போட்டு, எழுத்த மட்டும் பிரிச்சு எடுத்துத் தரேன். பிரிண்ட் போடட்டுமா?"

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கவுண்டரை விட்டு ஒதுங்கி நின்றார்.

"வேணாம். பின்னாடி ஆளு நிக்கிறாங்க பாரு. அவங்களுக்குப் போட்டுக் குடு."

நான் மிஷினில் புதுக் கட்டுத் தாளைப் பிரித்து வைத்தேன்.