மாட்டுப்பட்டியில் மூன்று மீட்டர் உயர்த்திய கம்பம்

அன்றைக்கு இருந்தவர்கள் நான்கு பேர். ரேடியோ டிஷ் வைத்து இணைய இணைப்புக் கொடுக்கும் நான், வண்டி ஓட்டவும் கம்பம் ஏறவும் என்னுடன் வரும் செல்வராசு, மாட்டுப்பட்டிக்கு மேலே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இணைய இணைப்புக் கேட்டிருந்த ஜோதி, அதே எஸ்டேட்டில் நிழல்மரம் கழிக்கும் மாரியப்பன். ஐந்தாவதாக ஜோதியின் ஒன்றரை வயது மகளையும் சேர்க்கலாம். அவளை விட்டுவிட்டு வெளியூர் போகாமல் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஜோதிக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இணைப்பு அடிக்கடி அறுந்தால் வேலை போய்விடும் என்று முதலிலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். நாங்கள் போனது சனிக்கிழமை.

காலை 5.00. எங்கள் ஊர் வாளையாரில் லாரி வரிசையைத் தாண்டி வேலந்தாவளம், பொள்ளாச்சி வழியாகப் போனோம். டிஷ் இரண்டையும் கட்டிய கயிற்றை நான் இரண்டு இடத்தில் இறங்கிச் சரிபார்த்தேன். 6.40க்கு உடுமலையில் டீ, பதினைந்து ரூபாய்.

"ஏனுங்கக்கா, அறுபது கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுல ஒரு கிகா வேகம் போகுதாமா. நீங்க இன்னும் இந்த அஞ்சு கிகாஹெர்ட்ஸையே கட்டிக்கிட்டு இருக்கறீங்க" என்றான் செல்வராசு.

"நாலு கிலோமீட்டர் செல்வராசு. அங்க மழைன்னா சும்மா தூறலா? அறுபது அதுல கரைஞ்சு போயிரும். லைசென்சு இல்லாம வெக்க முடியுமான்னும் எனக்கு நிச்சயமில்லை. அந்தப் புள்ளைக்கு வேகம் வேண்டாம், அறுந்து போகாம இருந்தாப் போதும்."

"சரிங்க, உங்க பயம் உங்குளுக்கு."

7.30 சின்னார் சோதனைச் சாவடி. மறையூரில் கரும்புத் தோட்டங்கள். மூணாறைக் கடந்து மாட்டுப்பட்டி சேரும்போது 10.20, மீட்டரில் 171 கிலோமீட்டர்.

கடைத்தெருவில் ஒரு கடை மாடி வரை ஃபைபர் வந்திருக்கிறது. அங்கே ஒரு டிஷ், எதிர் மலையில் ஜோதியின் லயத்துக்குப் பின்னால் இன்னொன்று. அலைவரிசைகளைத் துழாவிப் பார்த்தபோது 5.8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் முழுக்க விடுதிகளின் ரேடியோக்கள், மூச்சுவிட இடமில்லை. 5.5 பக்கம் காலி. அலைவரிசையின் அகலத்தையும் நாற்பதுக்குப் பதில் இருபது மெகாஹெர்ட்ஸாக வைத்தேன். வேகம் குறையும், பிடிப்பு கூடும்.

லயத்திலிருந்து கடை மாடி பளிச்சென்று தெரிந்தது. ஜோதி முன்பே அனுப்பிய வீடியோவிலும் அப்படித்தான். செல்வராசு கம்பத்தை நிறுத்தவே ஆரம்பித்துவிட்டான். நான் தொலைநோக்கியை எடுத்தேன். பாதி வழியில் இருக்கும் மேட்டில் சில்வர் ஓக் மரங்கள் கட்டைத் துடைப்பம் போல் நின்றன. வெட்டுவாய்கள் புதிதாக, வெளுப்பாக இருந்தன.

அந்தப் பக்கம் வந்த மாரியப்பனிடம் கேட்டேன்.

"இப்பத்தானம்மா கழிச்சோம். மழைக்கு முந்தி வருசா வருசம் கழிக்கதுதான், தேயிலைக்கு வெளிச்சம் வேணும்லா? மழை போகட்டும், பாருங்க, தலைய விரிச்சுப் போட்டு நிக்கும்."

"எவ்வளவு ஏறும்?"

"என்னைய மாதிரி ரெண்டு ஆள்னு வைங்களேன்."

அவர் நெட்டையானவர் அல்ல. மூன்று மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். மரம் இப்போது எவ்வளவு உயரம் என்பதையும் கேட்டுக்கொண்டேன்.

"அக்கா, கண்ணுக்குத்தான் தெரியுதே?" என்றாள் ஜோதி.

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதனால் எனக்குப் புரிந்தபடியே அவளுக்கும் சொன்னேன். இரண்டு பேர் பிடித்துச் சுழற்றும் ஸ்கிப்பிங் கயிறு நடுவில் எவ்வளவு இடம் எடுக்கும்? அலையும் அப்படித்தான், நடுவில் விரியும். நான்கு கிலோமீட்டருக்கு நடுவிலே நாலரை மீட்டராவது கீழே காலியாக இருக்க வேண்டும். வரைபடத்தின் உயரங்களையும் மாரியப்பன் சொன்ன மர உயரத்தையும் கூட்டிக் கழித்தால் இன்றைக்கு ஐந்து மீட்டர் இருக்கிறது. மழை முடிந்தால் இரண்டுதான். கம்பத்தை உயர்த்த வேண்டும்.

"அண்ணா, இன்னும் ரெண்டு ஆள் ஒசரம் கீழ வெட்டீருங்களேன்" என்றான் செல்வராசு.

"நல்லாருக்கே! வெட்டிட்டு நாளைக்குத் தொரைகிட்ட யாரு நிக்கது, நீயா?"

ஜோதி மகளை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "திங்கக்கெழம ஓடுனாப் போதும்க்கா. மழை முடிஞ்சு பாத்துக்கலாம். என்ட்ட இதுக்கு மேல காசு இல்ல."

திங்கட்கிழமை ஓடும், ஜூலையிலும் ஓடும். பிறகு ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே இழுக்கும், அறும். அவள் மழையைத் திட்டுவாள், ரேடியோவைத் திட்டுவாள். மரம் வளர்ந்ததை யாரும் நினைக்க மாட்டார்கள். எத்தனையோ விஷயத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. இதில் துளியும் இல்லை.

"குழாய் வாங்கிட்டு வா" என்று செல்வராசுவை மூணாறுக்கு அனுப்பினேன். இரண்டு முனையிலும் மூன்று மீட்டர் கூட்டினால் நடுவிலும் மூன்று கூடும். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். வந்தபின் முணுமுணுக்காமல் ஏறினான். முதலில் கடை மாடி, பிறகு லயம். கீழிருந்து மாரியப்பன் கம்பம் சாயாமல் இழுகம்பியைப் பிடித்தார். 3.15க்கு மேகம் இறங்கி எதிர் மலையே காணாமல் போனது. அந்த நேரத்தில் சோதித்துப் பார்த்தேன்: 92 மெகாபிட், அனுப்பிய சோதனைத் துடிப்பில் ஒன்றும் தவறவில்லை. ஜோதி வேலை கொடுத்தவர்களின் சோதனைப் பக்கத்தைத் திறந்து, ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, தன் பெயரை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். கேட்டது. மகள் அந்த ஒயரைப் பிடித்து இழுத்தாள்.

"மொதச் சம்பளத்துல தந்துர்றேன்க்கா."

"அவசரமில்ல."

4.00 மணிக்கு இறங்கினோம். இருட்டுமுன் சின்னாரைத் தாண்ட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடுவில் இருப்பது லாரிகள்தான். நின்றாலும் கிளம்பினாலும் அவை உயரம் மாறுவதில்லை. இங்கே பாதையின் நடுவில் இருப்பது வளர்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மாரியப்பன் மாதிரி ஒரு ஆள் வேண்டும்.

குழாய் இரண்டு, இழுகம்பி, கிளாம்ப், மூணாறு போய்வந்த டீசல். ஜோதி தர வேண்டிய பாக்கி 4,350 ரூபாய்.