மணல்மேட்டுப் பனங்கொட்டைகள்

புதுச்சேரியில் நான் சேர்ந்திருக்கும் பசுமைக் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பூமியைப் பற்றிய கவலை வரும். மற்ற ஆறு நாளும் ஆளாளுக்குப் பிழைப்பு. ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவோம், கடற்கரைச் சாலையில் துணிப்பை கொடுப்போம், கம்பங்கூழ் குடித்துவிட்டுக் கலைவோம். இந்தக் குழு என் அண்ணன் வீட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பினேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

அண்ணன் மீன்பிடிப்பவர். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் கடலைப் பார்த்த முதல் வரிசையில் அவர் வீடு. நான் பிறந்தபோது அது மூன்றாவது வரிசை. முன்னால் இருந்த இரண்டையும் கடல் எடுத்துக்கொண்டது. பின்னால் தள்ளிக் கட்டிக்கொள்ளலாமே என்று டவுனில் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். பின்னால் ரோடு, ரோட்டைத் தாண்டினால் உப்பளம். எங்கே போய்க் கட்டுவது, உப்புப் பாத்தியிலா? வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் மிச்சமிருந்தது ஒரு மணல்மேடுதான். பனை வேர் மணலை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். எங்கள் குப்பத்தில் நடுங்கள் என்று அங்கேயே எழுந்து கேட்டேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு வந்தார்கள். பஸ் கொள்ளாத ஆட்கள், பச்சை டி-ஷர்ட், பேனர். கிளியனூர்ப் பக்கம் சேகரித்த பனங்கொட்டை மூட்டை மூட்டையாக இறங்கியது. பத்தடிக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு கொட்டை என்பது திட்டம். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார், விடவேயில்லை. அப்புறம் போட்டோ. அப்புறம் விருந்தினரோடு தனித்தனியாகப் போட்டோ. வெயில் உச்சிக்கு வந்தபோது பாதி மூட்டைகூடக் காலியாகவில்லை. மதியச் சாப்பாடு பாண்டியில் சொல்லியிருந்தது, டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மேட்டின் மேல் நீளமாக ஒரு பள்ளம் பறித்தார்கள். மிச்சக் கொட்டைகளை எல்லாம் அதில் நெருக்கமாகக் கொட்டி, மணலைத் தள்ளி மூடி, கைதட்டிவிட்டுக் கிளம்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் பனங்கொட்டையை மணலில் நெருக்கிப் போட்டு மூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பொங்கலுக்குக் கிழங்கு. முளை கீழே இறங்கித் தடிக்கும், தை பிறக்கும்போது தோண்டி அவித்துத் தின்பார்கள். அப்படிப் போட்டுவிட்டு மரத்துக்குக் காத்திருக்கும் ஆளை எங்கள் குப்பம் கண்டதே இல்லை. அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. மேட்டில் பனை வரப்போகிறது என்ற குஷியில் பஸ் ஏறிவிட்டேன்.

ஐப்பசியில் அண்ணன் போன் செய்தார். "பாப்பா, உங்காளுங்க போட்டதுக்கு முள்ளு வெட்டி வேலி கட்டிட்டேன். ஆடு மாடு ஒண்ணும் அண்டாது. டெய்லி நான்தான் காவல்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர் அனுப்பிய போட்டோவோடு உடனே குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன், ஆளாளுக்குக் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். வேலியோரம் அண்ணன் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் போட்டோ, 'பனை காக்கும் மீனவர்' என்ற தலைப்போடு, இன்றைக்கும் எங்கள் போஸ்டர்களில் வருகிறது.

பொங்கலுக்குப் போனேன். உட்காருவதற்குள் அண்ணி ஆவி பறக்க ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு.

"சாப்புடும்மா. உங்காளுங்க போட்டதுதான். என்னா ருசிங்கற! குப்பம் பூரா குடுத்தோம்."

வெளியே ஓடிப் பார்த்தேன். மேடு முழுக்கக் கொத்திக் கிளறிக் கிடந்தது. தனித்தனியாக நட்ட குழிகளையும் விட்டுவைக்கவில்லை.

"அறிவிருக்குதாண்ணா உனக்கு? மரம் வரணும்னு போட்டத இப்பிடித் தோண்டித் தின்னுட்டு நிக்கறீங்களே!"

அண்ணன் முகம் செத்துவிட்டது. "மரத்துக்கா? மரத்துக்கு யாராவது இப்பிடி மொத்தமா கொட்டுவாங்களா? பொங்கலுக்கு நமக்குக் கெழங்கு போட்டுக் குடுத்துட்டுப் போறாங்கன்னுல்ல நெனச்சேன். நல்ல மனுஷங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேனே பாப்பா."

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். குழுவில் விஷயத்தைச் சொன்னபோது, "பரவால்லைங்க, ஒரு விழிப்புணர்வு வந்திருக்கும் இல்ல" என்றார்கள். விழிப்புணர்வாம், வெங்காயம்! அவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கு ஒரு ஏரியைப் பார்த்துவிட்டார்கள். நான் மட்டும் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசாமல் மாதங்களைத் தள்ளினேன். அந்த மேட்டை அவரே தோண்டிக் கெடுத்துவிட்டார் என்ற ஆத்திரம் ஆறவே இல்லை.

அடுத்த கார்த்திகையில் புயல் வந்தது. விடிந்தபோது மேட்டைக் காணோம். அண்ணன் வீட்டின் முன்சுவரும் வாசல்படியும் அலையோடு போயிருந்தன.

தண்ணீர் வடிந்ததும் போனேன். குடும்பத்தைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். அண்ணன் மட்டும் அந்தப் பாதி வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து பார்த்தால் நேராகக் கடல். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நான் தோண்டாம வுட்டிருந்தா மேடு நின்னிருக்குமா பாப்பா?"

இத்தனை மாதமும் அவரும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லண்ணா. இந்நேரத்துக்கு ரெண்டு எல வந்திருந்தாலே பெருசு. பனை மேல வர பத்து பன்னண்டு வருஷம் ஆவும்."

"பன்னண்டு வருஷமா?"

கடலைப் பார்த்தார். திரும்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழைத்தண்ணீரில் முழுகிக் கிடந்த உப்பளத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப நல்ல வேள. கெழங்காவது துன்னோம்" என்றார். "நீதான் பாப்பா, ஒண்ணுகூட வாயில வெக்காம போயிட்ட."