சரஸ்வதி பூஜையன்று மூடி வைத்த மடிக்கணினி

விஜயதசமியன்று தொடங்கும் காரியம் விளங்கும் என்ற நம்பிக்கையில்தான், எங்கள் மடிக்கணினியை விண்டோஸ் இயங்குதளத்திலிருந்து லினக்ஸுக்கு மாற்ற அந்தச் சனிக்கிழமைக் காலையைத் தேர்ந்தெடுத்தேன். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், இல்லை. எங்கள் வீட்டில் கணினி என் இலாகா.

முந்தின நாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு மடிக்கணினியையும் சாமி முன்னால் வைத்து, அதன் மூடியில் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள் மனைவி. வைத்த பிறகு மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. காலையில் பூஜை கலைந்ததும் நான் கணினியின் அடிப்பக்கத்தைக் கழற்றி, தேக்கா கடைத்தெருவில் வாங்கி வந்த புது டிஸ்க்கைக் காலி இடத்தில் பொருத்தினேன். விளக்கு எதுவும் எரியாததால் கணினி அணைந்துதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புது டிஸ்க்கில் லினக்ஸ் ஏறியது. பழையதை நான் தொடவே இல்லை.

மதியம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என் கட்டுரையைத் திறங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கான விண்ணப்பக் கட்டுரை அது. என் வேலைக்காகச் சிங்கப்பூருக்கு வந்து ஐந்து வருடமாகச் சுவா சூ காங் பேட்டை வீட்டில் அடைந்து கிடந்தவள், மூன்று வாரமாக அதை எழுதிக்கொண்டிருந்தாள்.

"பழைய டிரைவ்ல பத்திரமா இருக்கும்மா" என்று சொல்லித் திறந்தேன். பழைய விண்டோஸ் இன்னும் உறக்கத்தில் இருக்கிறது, டிரைவைப் படிக்க மட்டுமே முடியும் என்றது திரை. சாமி முன்னால் வைத்த புத்தகம் மாதிரிதான், பார்க்கலாம், தொட முடியாது. கட்டுரை இருந்தது. ஆனால் அரைப் பக்கம்தான்.

"நேத்து எழுதினதைக் காணோமே" என்றாள்.

"சேவ் பண்ணலையா?"

"பூஜைக்கு நேரமாச்சு, மூடி வைன்னு நீங்கதானே கத்துனீங்க. அப்படியே மூடிட்டேன்."

நேற்று அவள் எழுதியதெல்லாம் அந்த உறக்கத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. மூடியபோது திறந்திருந்ததைப் பிடித்து வைத்திருக்கும் உறக்கக் கோப்பை அழித்தால் டிரைவ் முழுசாகத் திறந்துவிடும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒற்றை வரிக் கட்டளையை அடித்தும் விட்டேன். என்டர் தட்டுவதுதான் பாக்கி. என்னவோ தோன்றி, டிஸ்க் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"தட்டிடாதீங்க லா" என்றார் அவர். "டிரைவ் திறக்கும், ஆனா அவங்க எழுதினது போயிடும். பழைய சிஸ்டத்தை எழுப்பி, சேவ் பண்ணி, ஒழுங்கா ஷட்டவுன் பண்ணுங்க. அதுவரைக்கும் அந்த டிரைவ்ல எதையும் எழுதாதீங்க."

எழுப்புவது எப்படி? எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் கணினி நேராக லினக்ஸுக்கே போனது. ஏசி ஓடியும் சட்டை நனைந்துவிட்டது. பழையதற்குத் திரும்பவும் வழியில்லை, புதியதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவும் முடியவில்லை. கோபம் டிஸ்க் மேல், பூஜை மேல், கடைசியில் அவள் மேலேயே வந்தது.

"சேவ் பண்ண ஒரு செகண்ட் ஆகுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் மணியைப் பார்த்தாள். எழுந்து போகவில்லை. சொன்னதுமே எனக்கு வெட்கமாகிவிட்டது, ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

நாலரை மணிக்கு ஒருவழியாக, கணினி கண் விழிக்கும்போதே அழுத்த வேண்டிய பொத்தான் எதுவென்று கண்டுபிடித்தேன். டிஸ்க்குகளின் பட்டியல் வந்தது. பழையதைத் தேர்ந்தெடுத்தேன். வெகுநேரம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு கடவுச்சொல் கேட்டது. அதற்குப் பிறகு அவளுடைய பக்கம் வந்தது, நேற்று விட்ட இடத்திலேயே.

முதலில் சேவ் செய்தேன். பிறகுதான் கடைசி வரிகள் கண்ணில் பட்டன.

'என் கணவர் நல்லவர். ஐந்து வருடமாக என்னைப் பத்திரமாக வைத்திருக்கிறார். எனக்கு அது போதவில்லை.'

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நேற்று அவள் அந்த வரியில் இருந்தபோதுதான் நான் 'மூடி வை' என்று கத்தியிருக்க வேண்டும்.

"படிச்சாச்சா?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. "எழுந்திரிங்க. இன்னும் முடிக்கலை."

நாற்காலியை விட்டு எழுந்தேன்.